டர்பனில் எனக்குக் கிடைத்த சனி, ஞாயிறு

கண்ணு, நேற்று நீ போனில் சொன்னதில் பாதிதான் எனக்குக் காதில் விழுந்தது. ஆபீஸ் வேலையாக டர்பன் போகிறாய், வெள்ளிக்கிழமையோடு மீட்டிங் முடிகிறது, திரும்புகிற விமானம் ஞாயிறு இரவுதான் என்பதுவரை புரிந்தது. சனி, ஞாயிறு என்ன செய்வாய் என்று கேட்டேன். "ரூம்லயே இருந்து நல்லா தூங்கப்போறேன் நைனா. அங்க எனக்கு என்ன வேலை இருக்குது?" என்றாய். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். ஸ்வெட்டர் வேண்டாம். அந்த ஊர் மதராஸ் மாதிரி வேர்க்கும். காது மந்தமானவன் போனில் நீளமாகப் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். நீ பெட்டி கட்டுவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

நான் கப்பலில் வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்வாய். புயலில் மாட்டியதையும், மொம்பாசாவில் செருப்பைத் தொலைத்ததையும் பல தடவை கேட்டிருக்கிறாய். டர்பனைப் பற்றி மட்டும் "போயிருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மறைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. உன் அம்மாவிடம் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டுமென்றால் நீ கொஞ்ச நேரம் என் எதிரே சும்மா உட்கார வேண்டும். வேலைக்குப் போன நாளிலிருந்து அந்த நேரம் உனக்கு வாய்க்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. செஞ்சிக் கோட்டை மலையைப் பார்த்தபடி இருந்த சேரியில் பிறந்தவனுக்குக் கப்பல் வேலை எப்படிக் கிடைத்தது என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. பெரியப்பா மகன் ஒருவர் பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் தயவில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பயணிகள் கப்பலில், சலவைப் பிரிவில் சேர்ந்தேன். பம்பாயில் கிளம்பி, ஆப்பிரிக்கக் கரையோரமாக ஒவ்வொரு துறைமுகமாக நின்று, டர்பனில் போய் முடியும் தடம் அது. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு ஊர்கள் வரும், போகும். நாங்கள் கப்பலின் அடிவயிற்றில் நீராவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை அவித்துக்கொண்டிருப்போம். துறைமுகத்தில் நிற்கும் நாட்களில்தான் அழுக்குத் துணி அதிகமாகக் குவியும். அதனால் கரையிறங்கிப் பார்க்க நேரமே கிடைக்காது. அந்தத் தடவை டர்பனுக்குள் நுழையும்போது எங்கள் பாய்லர் கெட்டுப்போனது. அதைச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலைவரை உங்களுக்கு இங்கே வேலை இல்லை, ராத்திரி படுக்க மட்டும் வந்துவிடுங்கள் என்றார். அது சனிக்கிழமை காலை.

வேலை இல்லாத நாள் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் ஓய்வு. துறைமுக வாசலைத் தாண்டியதும் யாரோ அவசரமாக அனுப்பிவைத்த ஆள் மாதிரி வேகவேகமாக நடந்தேன். சில தெருக்கள் போன பிறகுதான் எங்கே போகிறோம் என்ற கேள்வியே வந்தது. அப்படியே நின்றேன். என்னை எங்கும் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மரத்தடியில் மைனா இரண்டு கத்திக்கொண்டு சண்டை போட்டன. நம்மூர் மைனாவேதான், அதே மஞ்சள் மூக்கு. சண்டை முடிகிறவரைக்கும் நின்று பார்த்தேன். பிறகு மெதுவாக நடந்தேன். காலுக்கு அது புதுப் பழக்கமாக இருந்தது.

கறிவேப்பிலை வாசம் பிடித்துக்கொண்டே போனதில் ஒரு சந்தை வந்தது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் குவியல் குவியலாக இருந்தன. சந்தையை ஒட்டி பஸ்கள் நின்றன. இந்தியர்களுக்கும் ஜூலு மக்களுக்கும் இந்தியர்களே நடத்தும் பஸ்கள் அவை. அதில் ஒன்றின் டிரைவர், நல்ல ஆகிருதியான மனிதர், தன் கண்டக்டரைப் பார்த்து, "இன்னாடா பண்ற அங்க?" என்று ஒரு அதட்டல் போட்டார். செஞ்சி பஜாரில் நிற்பது போல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடல் தாண்டி வந்து 'இன்னாடா' கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

"இன்னாப்பா, என் மூஞ்சில எதாச்சும் எழுதியிருக்குதா?" என்று கேட்டார். தமிழ் கேட்டதால் நின்றுவிட்டேன் என்றேன். எந்த ஊர் என்றார். கப்பலில் யார் கேட்டாலும் மதராஸ் என்றுதான் சொல்வேன். அன்று என்னையறியாமல் செஞ்சி என்று வந்துவிட்டது. அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எங்கப்பன் சாவுற வரைக்கும் அந்தப் பேரத்தான் சொல்லிக்கினு இருந்துது" என்றார். அவருடைய அப்பா வாலிபத்தில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். எந்தக் கிராமம் என்பது மகனுக்குத் தெரியாது. செஞ்சி என்ற ஒரு சொல்தான் மிச்சம். அவர் பெயர் கோவிந்தன். என்னை ஏறச் சொல்லித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பிறகு பலருடைய முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கப்பா என்ன பண்றார் என்றார். கூலி வேலை, ஊர்க்காரர்கள் நிலத்தில் என்றேன். "எங்கப்பனும் கூலிதான்" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. பகல்வரை அந்த பஸ்ஸிலேயே சுற்றினேன். மேடும் பள்ளமுமான சாலைகள், தகர வீடுகள், வாழைத் தோட்டங்கள், திருப்பத்தில் திடீரென்று கடல். கடைசி நிறுத்தம்வரை போவோம், டீ குடிப்போம், திரும்புவோம். ஏதாவது கோவில் வந்தால் அவர் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டுவார். ஒரு ஊரைப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது. நீயும் போனில் பார்த்து வைத்திருக்கிற இடங்களுக்கு டாக்சியில் போகாதே. ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசிவரை போய்ப் பார். பாதுகாப்பு எப்படி என்று மட்டும் ஓட்டலில் கேட்டுக்கொள்.

மதியம் பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒருவர் கோவிந்தனின் மனைவி மாரியம்மா. இன்னொருத்தி கோவிந்தனின் தங்கை சரோஜா. இருவரும் ஒரே துணிக் கம்பெனியில் மிஷின் தைப்பவர்கள். சனிக்கிழமை அரை நாள். தனக்கு மாலைவரை வண்டி இருக்கிறது, இந்தச் செஞ்சிக்காரனுக்கு ஊரைக் காட்டுங்கள் என்று கோவிந்தன் சொன்னார். இப்படித்தான் மூவரும் இறங்கி நடந்தோம். முழு ரொட்டியின் நடுவைத் தோண்டிவிட்டு அதற்குள் பயறுக் குழம்பை ஊற்றித் தருவார்கள் அங்கே. தெருவோரத்தில் நின்று அதைப் பிய்த்துத் தின்றோம். குழம்பு முழங்கைவரை வழிந்தது. கிடைத்தால் நீயும் சாப்பிடு.

சரோஜாவுக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி நம் பக்கத்துத் தமிழ். அவள் ஊரைக் காட்டிய விதம்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது. எதைக் காட்டினாலும் "எங்க" என்பாள். இது எங்க மார்க்கெட், அது எங்க மசூதி (அவர்கள் மசூதிக்குப் போகிறவர்கள் இல்லை), இது எங்க போஸ்டாபீஸ். அந்தப் போஸ்டாபீஸில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு வேறு வாசல். அதையும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, மேலே இருந்த கோபுரக் கடிகாரத்தைக் காட்டி, எங்க கடிகாரம் எப்பவும் கொஞ்சம் முன்னாடி ஓடும் என்றாள். கடலோரத்துக்குப் போனபோது மாரியம்மா அண்ணி காலில் செருப்பு கடித்துவிட்டதென்று ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் மணலோரமாக நடந்தோம். ஓரிடத்தில் பலகை ஒன்று நட்டிருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவள் படித்துச் சொன்னாள்: இதற்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் போகலாம். நான் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டேன். அப்படி நகர்ந்து எனக்குப் பிறவியிலிருந்தே பழக்கம். அவள் நகரவில்லை. பலகைக்கு அருகிலேயே மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "கடல் எங்க கடல்தான். பலகைதான் அவங்களுது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ராத்திரி கப்பலில் படுத்துவிட்டு ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேட்டோ மேனர் என்ற மேட்டுப் பகுதியில், மரச்சுவரும் தகரக் கூரையுமாக இருந்த வீடு. பின்பக்கம் அவர்களுடைய அப்பா நட்ட மாமரம். முன்னறையில் நடுவில் மேசை. என்னை அதில் உட்காரவைத்து எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். கோழிக் குழம்பு. ஊரில் ஒருத்தர் வீட்டுக் கதவுக்குள்ளேயும் போகாதவன் நான். தட்டைப் பார்த்துக் குனிந்தவன் நிமிரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. காரம் போலிருக்கிறது என்று அண்ணி தண்ணீர் வைத்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.

சாப்பிட்ட பிறகுதான் கோவிந்தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். அந்தப் பகுதி முழுவதையும் வெள்ளைக்காரர்களுக்கு என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அங்கிருந்த ஜூலு மக்களின் வீடுகளை ஏற்கெனவே இடித்துவிட்டார்கள். அடுத்தது இவர்கள். தூரத்தில், புதிதாகக் கட்டிய ஓரிடத்துக்குப் போக வேண்டும். வருஷக் கடைசிக்குள் இருக்கலாம். அதைச் சொன்ன அதே மூச்சில், "நீ கப்பலுக்குத் திரும்பாத. எங்க கராஜ்ல சேத்து உட்றேன். காயிதமெல்லாம் மெதுவா பாத்துக்கலாம். இங்க உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். மாரியம்மா அண்ணி சரோஜாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரத்தோடு உள்ளே போனார். இருந்துவிடலாம் என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தேன். அந்த மேசை, அந்த மனிதர்கள், அந்தப் பெண். செஞ்சியில் எனக்கு என்ன இருந்தது? டீக்கடையில் எங்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர் இருந்தது.

பின்கட்டுக்குப் போனேன். சரோஜா ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் தைத்ததாம், பச்சையில் வெள்ளைப் பூப் போட்ட துணி. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்குத் திரை என்று கேட்டேன். இருக்கிறவரை எங்கள் வீடுதானே என்றாள். எனக்கு அதைக் கேட்டதும் ஏதோ வேகம் வந்துவிட்டது. இவர்கள் உங்களை இப்படித் துரத்துகிறார்களே, நீங்கள் எல்லோரும் நம் நாட்டுக்கே வந்துவிடலாமே என்றேன். அவள் ஸ்டூலின் மேலே நின்றபடி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு? இது எங்க ஊரு. அவங்க போவச் சொன்னா வேற தெருவுக்குப் போவோம். ஊர உட்டுப் போவ மாட்டோம்." பிறகு, "உங்க ஊரு எப்டி இருக்கும்?" என்றாள்.

நம் பக்கத்தில் ஊர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும், கண்ணு. ஊர் வேறு, சேரி வேறு. உன் தாத்தா காலையில் கிளம்பும்போது "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்பார். பிறந்த இடத்திலேயே இருந்துகொண்டு, ஏதோ பக்கத்து ஊருக்குப் போவது போல. நானும் அப்படித்தான் பேசினேன். அதனால் அவளிடம் உண்மையைச் சொன்னேன். நாங்கள் ஊரில் இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிறோம், ஊர் அவர்களுடையது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பெரிய கோட்டை இருக்கிறதாமே, அப்பா சொல்வார், மேலே ஏறினால் என்ன தெரியும் என்று கேட்டாள். ஏறியதில்லை என்றேன். அதன் அடிவாரத்தில் ஆண்டை வீட்டு மாடுகளை மேய்த்திருக்கிறேன். மேலே ஏறிப் பார்க்க நேரமும் இருந்ததில்லை, தோன்றியதும் இல்லை. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "பொறந்த எடத்த எங்க ஊருன்னு சொல்றதுக்கு நீ யாரக் கேக்கணும்?" என்றாள்.

தன்னை வீட்டைவிட்டே வெளியேற்றுகிற ஒரு நகரத்தை முழுதாகத் தன்னுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறாள் அவள். எனக்கு இரண்டு நாள் அந்த நகரத்தைச் சுற்றிக் காட்டியவளுக்கு, திருப்பிக் காட்ட என்னிடம் ஒரு தெருகூட இல்லை. அங்கேயே இருந்திருந்தால் காலமெல்லாம் அவளுடைய ஊரில் விருந்தாளியாக இருந்திருப்பேன். மாலையில் கோவிந்தனிடம் போகிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடந்த பஸ்ஸை எடுத்து, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, கடலோரமாகச் சுற்றி என்னைத் துறைமுக வாசலில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது சரோஜா, "போயி மொதல்ல அந்தக் கோட்ட மேல ஏறிப் பாரு" என்றாள். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. எங்கள் கப்பலின் தடம் மாறியது. நான் வேலையை விட்டேன். அவர்களைத் தேடி அலையாதே. அந்த வீடும் இருக்காது, மாமரமும் இருக்காது. உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, திரைத்துணி என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள். நம் வீட்டு ஜன்னலில் பச்சைத் திரை எப்போதுமே இருந்ததில்லை, கவனித்திருக்கிறாயா? அதற்கு நான் பொறுப்பில்லை.

செஞ்சிக்குத் திரும்பியதும் கோட்டை மேல் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் ஊரும் சேரியும் ஏரியும் வயலும் ஒரே பரப்பாகத்தான் தெரிந்தன. பஸ் ஸ்டாண்டு பக்கம் சலவைக் கடை போட்டேன். இடம் தரப் பலர் மறுத்தார்கள். ஒரு நயினார், பரம்பரையாக நெல் வியாபாரம் செய்யும் ஜைனக் குடும்பம், தன் மண்டியின் ஓரத்தைக் கொடுத்தார். தாலுக்கா ஆபீஸ்காரர்களின் சட்டைகள் என்னிடம்தான் வந்தன. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுவேன். பஜாரே சிரித்தது. அந்த ஞாயிறுகளைத்தான் நீ பார்த்திருக்கிறாய். புதுத்துணிக்குப் பணம் இல்லை என்பேன், ஆனால் பஸ் டிக்கெட்டுக்கு இருக்கும். சீயமங்கலத்துக் குகைக் கோவிலில் அந்தச் சிங்கத் தூணைக் கட்டிக்கொண்டு, "இங்க இன்னாத்துக்கு வந்தோம்?" என்று நீ அழுதாய். உனக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். அதே கேள்வியை உனக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார் என்பது உனக்குத் தெரியாது.

நான் திரும்பி வந்த வருஷம் உன் தாத்தாவைப் பனமலைக்குக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம் என்றேன். ஆண்டையிடம் என்ன சொல்வது என்று பயந்தார். நானே போய்ச் சொன்னேன்: நைனா நாளைக்கு வேலைக்கு வரமாட்டார். என்ன விசேஷம் என்று கேட்டார் அவர். ஒன்றும் இல்லை, பனமலை ஏரியைப் பார்க்கப் போகிறோம் என்றேன். யாராவது செத்துப்போய்விட்டார்களா என்றார். இல்லை என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நான் நகராமல் நின்றேன். பிறகு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் தாத்தா சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்து வந்தார். ஏரிக்கரையில் இறங்கியதும் சுற்றிலும் பார்த்தார். குன்றின் மேல் கோவில், கீழே தளும்பத் தளும்பத் தண்ணீர், கொக்குகள். "இன்னா வேலையா வந்தோம்?" என்று கேட்டார். ஒரு வேலையும் இல்லை, சும்மாதான் என்றேன். "சும்மான்னா?" என்றார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். ஆனால் அவரால் முடியவில்லை. எழுந்து போய்க் கரையில் கிடந்த காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. ஒரு கட்டு சேர்ந்ததும் அதைக் கொடியால் கட்டி வைத்தார். இது யாருடைய ஏரி, யாராவது வந்து கேட்பார்களா என்றார். நம்ம ஏரிதான் நைனா என்றேன். உன் ஆயா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். கையைக் கழுவிவிட்டு வந்தவர் புங்கமரத்து நிழலில் துண்டை விரித்து, அதன் மேல் சாய்ந்தார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது தூங்கிவிட்டிருந்தார்.

கண்ணு, என் நைனா பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளங்கைகள் இரண்டும் வானத்தைப் பார்த்து விரிந்து கிடந்தன. சாலையில் செஞ்சி பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. அடுத்த பஸ் பொழுது சாயும் நேரத்துக்குத்தான். கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். வரவில்லை, நீ போ என்று நானும் கையை ஆட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.